எல்லை தெரியாத நடை: நெரவி மறதிநோய்க் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: புதுச்சேரி அரசின் சுகாதாரத் துறை, சமூக நலத் துறை, காவல் துறை, காரைக்கால் மாவட்ட ஆட்சியர், நெரவி கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகங்கள், எங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள்.

முகவுரை

மறதிநோய் கண்ட அம்மாவை, அப்பாவை, மாமியாரை, கணவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் நெரவி கொம்யூன் குடும்பத்தினர் நாங்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், அரசு ஊழியர்கள், பிள்ளைகளைப் பிரான்சுக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிட்டு இங்கே முதியவர்களோடு இருப்பவர்கள் எனப் பல வகையினர் எங்களில் உண்டு. சாதி, மதம், கட்சி வேறு வேறு. நள்ளிரவில் எங்கள் எல்லோரையும் எழுப்பும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: வாசக்கதவைப் பூட்டினோமா?

இந்தக் கேள்விக்கு நெரவியில் கூடுதல் கனம் உண்டு. எங்கள் ஊர் அரசலாற்றுக்குத் தெற்கே இருக்கிறது. கிழக்கே கடல், மற்றத் திசைகளில் எப்படிப் போனாலும் சிறிது தூரத்தில் தமிழ்நாடு. எங்கள் தலைநகரமான புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே போகும் வழியும் தமிழ்நாட்டின் வழியேதான். உடம்பு சரியாக இருப்பவருக்கு இந்த எல்லை ஒரு பெயர்ப்பலகை. மறதிநோயாளிக்கும் அவரைத் தேடி ஓடும் குடும்பத்துக்கும் அதுவே வேறு காவல் நிலையம், வேறு காப்பீட்டு அட்டை, வேறு சுகாதாரத் திட்டம். எல்லை தெரியாமல் நடக்கிறவருக்கு, எல்லையை வகுத்து ஆளும் இரண்டு அரசுகளும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இந்தச் சாசனத்தின் மையம். கீழே உள்ள கோரிக்கைகளில் பல, சட்டம் ஏற்கெனவே தந்துவிட்ட உரிமைகள். மீதமுள்ளவை சிறிய ஏற்பாட்டில் செய்து முடிக்கக்கூடியவை.

நாங்கள் அன்றாடம் காண்பது

விளக்கு வைக்கும் நேரம். பல ஆண்டுகள் புழங்கிய அதே கூடத்தில் உட்கார்ந்தபடி ஒரு தாய், "எங்க வீட்டுக்குப் போவணும், கொண்டுபோய் விடு" என்கிறார். மடியில் சுருட்டிய ஒரு புடவை. பஸ்ஸுக்கென்று முந்தானையில் முடிந்த பத்து ரூபாய். "இதுதான் வீடு" என்றால் கோபம் வருகிறது, அழுகை வருகிறது. அதனால் மருமகள் வாதாடுவதை விட்டுவிட்டார். கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடத்திக்கொண்டு போகிறார். அங்கிருந்து திரும்பி, "வீடு வந்துடுச்சு அத்த, வாங்க" என்று அழைத்து வருகிறார். மாமியார் நிம்மதியாக உள்ளே வந்து உட்காருகிறார். மறுநாள் அதே நேரத்தில் மறுபடியும் அதே நடை. இந்தப் பக்குவத்தை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைக் கற்றுக்கொள்வதற்குள் எத்தனை சண்டை, எத்தனை கண்ணீர் என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

டிமென்சியா எனப்படும் இந்த மறதிநோய் முதுமையின் இயல்பு அல்ல, மூளையைத் தாக்கும் நோய். 1906-இல் ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் முதன்முதலில் விவரித்த அல்சைமர் நோய் இதன் பெரும்பான்மை வடிவம். மூளை ரத்தக் குழாய் அடைப்பால் வருவதும் உண்டு. வேறு வகைகளும் உண்டு. 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்சியா இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது கூடுதல் என்றும் அந்த ஆய்வு சொன்னது. அப்படியானால் நூறு முதியவர் உள்ள இடத்தில் ஏழு பேர். நெரவியில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடாவது இருக்கும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி, டிமென்சியா உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர் சராசரியாக நாளுக்கு 5 மணி நேரம் அதற்காகச் செலவிடுகிறார்கள். அந்த உழைப்பில் 70 சதவீதம் பெண்களுடையது. எங்கள் வீடுகளில் அது பெரும்பாலும் மருமகள் அல்லது கல்யாணமாகாத மகள். சம்பளம் இல்லாத, விடுப்பு இல்லாத, யாரும் பெயர் சொல்லி நன்றி சொல்லாத வேலை.

அ. கண்டறிதல்

1. வீடு வீடாகக் கணக்கெடுங்கள். நெரவி ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராமப்புறச் செவிலியர்களும் ஆஷா பணியாளர்களும் 60 வயதைக் கடந்த ஒவ்வொருவரையும் பார்த்து, நினைவுத் தடுமாற்றம் குறித்த சில எளிய கேள்விகளை அவரிடமும் வீட்டாரிடமும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். விவரம் ரகசியமாக இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்கும் திட்டம் 2022 முதல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தில் உள்ளது. காரைக்காலில் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த மாணவர்களின் பைகளில் ரத்த அழுத்தக் கருவியோடு ஒரு நினைவுப் பரிசோதனைத் தாளும் இருக்கட்டும்.

2. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் பொருந்தும் தமிழ்ப் பரிசோதனை வேண்டும். "இன்றைக்கு என்ன தேதி, ஒரு வாக்கியம் எழுதுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்" என்று கேட்டால், நடவும் அறுவடையுமாக வாழ்ந்த ஒரு பாட்டி நோயே இல்லாமல் தோற்றுப்போவார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்திய மொழிகளுக்கென்று ஒரு பரிசோதனைத் தொகுப்பை உருவாக்கி 2020-இல் வெளியிட்டபோது அதில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. சென்னையிலும் வேலூரிலும் பல ஆண்டுகளாக டிமென்சியா ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அந்த அனுபவத்தைக் கொண்டு, டெல்டாவின் பேச்சுவழக்கில், படிப்பறிவை எதிர்பார்க்காத ஒரு பரிசோதனையைக் காரைக்காலில் நடைமுறைப்படுத்த வேண்டும்.

3. காரைக்காலிலேயே வாரம் ஒரு நாள் நினைவு மருத்துவப் பிரிவு வேண்டும். வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டு கோளாறு, மன அழுத்தம், கீழே விழுந்து மூளை உறையில் ரத்தம் தேங்குதல், சில மாத்திரைகளின் விளைவு போன்றவையும் மறதிநோய் போலவே தோன்றும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். "வயசானா அப்படித்தான்" என்று திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு முதியவரோடும் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள ஒரு மருத்துவ அலுவலரின் பொறுப்பில் தனி வசதி வேண்டும் என்று பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 20-ஆம் பிரிவு சொல்கிறது. அதன்படி மாவட்ட அரசு மருத்துவமனையில் இந்தப் பிரிவைத் தொடங்குங்கள். நரம்பியல் நிபுணரின் ஆலோசனையைக் காணொளி வழியாகப் பெற்றுத் தாருங்கள். நடக்க மறுக்கும், வண்டியில் ஏற அஞ்சும் ஒருவரைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போய் வருவது எங்களால் ஆகாது.

4. டோனெபெசில், மெமன்டைன் போன்ற மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடையின்றிக் கிடைக்க வேண்டும். இவை நோயைக் குணப்படுத்தாது. சிலருக்குச் சில காலம் தெளிவைத் தரும். 2024 அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 5 லட்ச ரூபாய் வரை உண்டு. ஆனால் அது மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சைக்கானது. மறதிநோயின் செலவு மாதாமாதம் மருந்துக் கடையிலும் டயப்பரிலும் ஆளின் கூலியிலும் போகிறது.

ஆ. பராமரிப்பு

5. நெரவி கொம்யூனில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு இல்லம் வேண்டும். புதுக் கட்டடம் கேட்கவில்லை. இருக்கும் சமுதாயக் கூடம் ஒன்றைத் தாழ்வான சாய்தளம், கைப்பிடி உள்ள கழிப்பறை, உள்ளிருந்து எளிதில் திறக்காத வாசல் ஆகியவற்றோடு மாற்றித் தந்தால் போதும். காலை முதல் மாலை வரை ஒரு செவிலியரும் பயிற்சி பெற்ற உதவியாளர்களும் இருக்கட்டும். பூக்கட்டுதல், கீரை ஆய்தல், பழைய பாட்டு கேட்டல் போன்ற, கை மறக்காத வேலைகள் அங்கே நடக்கட்டும். கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் குன்னங்குளத்தில் 1992-இல் தொடங்கிய அல்சைமர் சங்கம், பிறகு அந்த மாநில அரசோடு சேர்ந்து 'ஸ்மிருதிபதம்' திட்டத்தின் கீழ்ப் பராமரிப்பு இல்லங்களை நடத்தியது. சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பு டிமென்சியாவுக்கெனத் தனிச் சேவை நடத்துகிறது. வழி தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

6. வீடு தேடி வரும் மருத்துவம் எங்களுக்கும் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள எங்கள் சம்பந்தி வீட்டுக்கு வருவது எங்கள் வீட்டுக்கும் வர வேண்டும். படுத்த படுக்கையான நோயாளிக்குப் புண் கட்டவும், சிறுநீர்க் குழாய் மாற்றவும், டயப்பர் வழங்கவும் மாதம் இருமுறையாவது செவிலியர் வர வேண்டும்.

7. உள்ளூர்ப் பெண்களுக்குப் பராமரிப்புப் பயிற்சியும் நியாயமான கூலியும் தாருங்கள். சுயஉதவிக் குழுக்களிலிருந்து ஆட்களைத் தேர்ந்து, குளிப்பாட்டுதல், விழாமல் தூக்குதல், விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஊட்டுதல், கோபத்தில் இருப்பவரைத் தணித்தல் ஆகியவற்றைக் கற்பித்துச் சான்றிதழ் வழங்குங்கள். வருடத்தில் சில நாட்களாவது அவர்கள் அரசுச் செலவில் வந்து பொறுப்பை ஏற்றால், நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போகலாம். எங்கள் உடம்பைக் காட்ட டாக்டரிடம் போகலாம். ஒரு இரவு முழுதாகத் தூங்கலாம்.

8. கட்டிப்போடும் நிலைக்கு எங்களைத் தள்ளாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப முடியாமல் மாண்டார்கள். மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியால் பிணைப்பதை முற்றாகத் தடை செய்கிறது. அந்தச் சட்டம் மனநோய்க்குத் தரும் விளக்கத்தில் நினைவாற்றலின் கடுமையான சீர்குலைவும் அடங்கும். ஆகவே அதன் உரிமைகள் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் உரியவை. ஆனாலும் இரவில் தூங்காமல் அடிக்க வரும் ஒருவரோடு தனியாக இருக்கும் பெண்ணுக்குத் தடையை மட்டும் காட்டிப் பயனில்லை. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் அழைத்தால் பேச்சோடு முடியாமல், மாவட்ட மனநலக் குழு இரண்டு நாட்களுக்குள் வீட்டுக்கு வந்து பார்க்க ஏற்பாடு வேண்டும்.

9. மருத்துவமனை வார்டில் துணைக்கு ஒருவர் இரவும் பகலும் இருக்க அனுமதி வேண்டும். ஆண்கள் வார்டு என்பதால் மனைவியை இரவில் வெளியே அனுப்பியதும், தனியே விடப்பட்ட கணவர் பயந்து குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கியதும், காலையில் அவருடைய கைகள் கட்டிலோடு கட்டப்பட்டிருந்ததும் எங்களில் ஒரு குடும்பம் அனுபவித்தது. பழகிய ஒரு முகம் பக்கத்தில் இருந்திருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

இ. காணாமல் போதல்

10. காரைக்கால், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டக் காவல் துறைகளுக்கும் பொதுவான தேடுதல் ஏற்பாடு வேண்டும். எங்கள் முதல் கோரிக்கையாகவே இதைக் கொள்ளுங்கள். நெரவியிலிருந்து புறப்பட்ட கால்கள் நாகூர்ப் பக்கமும் போகும், திருமருகல் பக்கமும் போகும். அவர் எல்லை தாண்டியதும் எங்கள் காவலர், "அது அவங்க ஸ்டேஷன்" என்பார். அங்குள்ளவர், "புகார் எங்க கொடுத்தீங்களோ அங்கயே கேளுங்க" என்பார். இடையில் போகும் நேரம் உயிரின் நேரம். டெல்டாவில் வாய்க்கால் இல்லாத பாதை இல்லை, குளம் இல்லாத ஊர் இல்லை.

நாங்கள் கேட்பது இவை. மறதிநோயாளி காணவில்லை என்ற தகவல் வந்த உடனே, காத்திருக்கச் சொல்லாமல், பதிவு செய்ய வேண்டும். எந்த எல்லையில் நடந்தாலும் குற்றத் தகவலை எந்தக் காவல் நிலையமும் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. அதே அணுகுமுறை காணாமல் போன முதியவருக்கும் வேண்டும். படமும் உடுத்திய உடையின் விவரமும் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள், நாகூர் தர்கா, திருநள்ளாறு கோயில் ஆகிய எல்லா இடங்களுக்கும் போக வேண்டும். எல்லைச் சோதனைச் சாவடிகளின் கேமராப் பதிவுகளை மாநிலம் பார்க்காமல் திறந்து காட்ட வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டவரைக் குடும்பம் வரும்வரை காவல் நிலைய பெஞ்சில் உட்கார வைக்காமல், அருகில் உள்ள மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

ஜப்பானின் ஒமுதா நகரில், மறதிநோயாளி ஒருவர் வழிதவறியதாக வைத்துக்கொண்டு ஊரே சேர்ந்து தேடும் ஒத்திகை நடத்துகிறார்கள். சுனாமி ஒத்திகை அறிந்த கடலோரம் எங்களுடையது. ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஒத்திகையும் எல்லைக்கு இருபுறமும் நடக்கட்டும்.

11. விரும்பும் குடும்பங்களுக்கு அடையாளக் கைவளையம் இலவசமாகத் தாருங்கள். பெயர் வேண்டாம், ஒரு பதிவு எண்ணும் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண்ணும் போதும். குளக்கரைகளிலும் திறந்த வாய்க்கால்களிலும், குறைந்தது குடியிருப்புகளை ஒட்டிய பகுதிகளில், தடுப்பும் விளக்கும் வையுங்கள்.

12. பொறுப்பை முழுவதும் குடும்பத்தின் தலையில் கட்டாதீர்கள். ஜப்பானில் 2007-இல் டிமென்சியா கண்ட 91 வயது முதியவர் ஒருவர், வயதான மனைவி சற்றே கண்ணயர்ந்த நேரத்தில் வெளியேறித் தண்டவாளத்தில் ரயில் மோதி இறந்தார். ரயில் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்டு ரயில் நிறுவனம் அவர் குடும்பத்தின் மீது வழக்குப் போட்டது. 2016 மார்ச் 1 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் குடும்பம் பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. "பார்த்துக்கத் தெரியலையா?" என்று எங்களைக் கேட்கும் ஒவ்வொரு அதிகாரியும் அந்த வழக்கை நினைவில் வைக்க வேண்டும்.

ஈ. பணமும் சட்டமும்

13. உயிர்ச் சான்றை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். அரசு ஓய்வூதியருக்கு ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்ச் சான்று. 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் டிஜிட்டல் முறையில் விரல்ரேகையும், பிறகு முகப்பதிவும் சேர்ந்தன. தேய்ந்த விரலும், கேமராவைப் பார்க்க மறுக்கும் முகமும் அங்கே தடுமாறுகின்றன. எங்களில் ஒரு வீட்டில், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், அந்நாட்டு ஓய்வூதியத்துக்கான உயிர்ச் சான்றில் கையெழுத்திடப் பேனாவைக் கையில் வாங்குகிறார். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிரெஞ்சில் ஒன்று முதல் எண்ணச் சொன்னால் தயங்காமல் எண்ணுகிறார். இத்தகையவர்களின் வீட்டுக்கு ஓர் அலுவலர் நேரில் வந்து சான்றளிக்க வேண்டும். வெளிநாட்டு ஓய்வூதியங்களுக்கும் அந்தச் சான்றை ஏற்கச் செய்யும் பேச்சுவார்த்தையைப் புதுச்சேரி அரசு நடத்த வேண்டும். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டு வாசலில் வங்கிச் சேவை தர ரிசர்வ் வங்கி 2017-இலேயே அறிவுறுத்தியது. அதை எங்கள் ஊர்க் கிளைகளும் நடைமுறைப்படுத்த வேண்டும்.

14. மாற்றுத்திறன் சான்றும் உதவித்தொகையும் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் டிமென்சியா தனிப் பெயராக இல்லை என்பதைக் காட்டி எங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. மனநோய் என்ற பிரிவின் கீழ் மதிப்பிட வழி இருக்கிறது. மதிப்பீட்டுக் குழு மாதம் ஒருமுறை நெரவிக்கு வரட்டும். வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவும் அதன் விதிகளும் டிமென்சியாவைப் பெயர் சொல்லி ஏற்று, மூத்த குடிமக்களின் சிகிச்சைச் செலவுக்கு 1 லட்ச ரூபாய் வரை கழிவு தந்தன. வரி கட்டும் வீட்டின் சுமையை அறிந்த அரசு, வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத வீட்டின் சுமையையும் அறிய வேண்டும். வேலையை விட்டுப் பராமரிக்கும் ஒருவருக்கு மாதாந்திரப் பராமரிப்பாளர் உதவித்தொகை தாருங்கள். அது அவருடைய வங்கிக் கணக்கிலேயே சேரட்டும்.

15. நினைவு தெளிவாக இருக்கும்போதே ஒருவர் தன் நினைவு தவறிய பின் யார் முடிவெடுக்க வேண்டும் என்று எழுதிவைக்கவும், அது செல்லுபடியாகவும் சட்டம் வேண்டும். இன்று நிலைமை தலைகீழ். ஒருவர் தரும் பவர் பத்திரம், அவர் புத்தித் தெளிவை இழந்ததும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி முடிந்துபோகிறது. எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் அது காகிதமாகிவிடுகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்றவற்றுக்குப் பாதுகாவலரை நியமிக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் டிமென்சியா இல்லை. மிஞ்சியது உயர் நீதிமன்றம்தான். கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்துச் சொத்தை விற்க அனுமதித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் 2024-ஆம் ஆண்டுத் தீர்ப்பு எங்களுக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால் சிகிச்சைக்குப் பணம் எடுக்க ஒவ்வொரு வீடும் சென்னைக்குப் போய் வழக்காட முடியாது.

எங்கள் பிள்ளைகள் வாழும் நாடுகளில் இதற்கு விடை உண்டு. பிரான்சில் 2007 மார்ச் 5-ஆம் நாள் சட்டமும், சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டமும், ஒருவர் நினைவோடு இருக்கும்போதே தன் பொறுப்பாளரை நியமிக்க வழி செய்கின்றன. ஒரே குடும்பத்தில் பாரிசில் இருக்கும் அண்ணனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நெரவியில் இருக்கும் தம்பிக்கு இல்லை. புதுச்சேரி சட்டமன்றம் இதற்கான சட்டம் கோரித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதுவரை, 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அனுமதிக்கும் முன்கூட்டிய சிகிச்சை விருப்ப ஆவணத்தையும் நியமனப் பிரதிநிதியையும் காரைக்காலிலேயே பதிவு செய்ய ஒரு மேசை வையுங்கள்.

16. மறதியைப் பயன்படுத்திச் சொத்தை எழுதி வாங்குவதைத் தடுங்கள். இது வெளியாரால் மட்டும் நடப்பதில்லை. எங்கள் உறவுக்குள்ளேயும் நடக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில், தடுமாற்றம் தெரியும் முதியவரிடம் தனியே பேசி, தேவைப்பட்டால் மருத்துவச் சான்று கேட்க வேண்டும். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டவர்களின் பத்திரத்தை ரத்து செய்ய 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தச் சட்டத்தின் தீர்ப்பாயம் நோயாளியின் வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும்.

உ. பேரிடரும் திருவிழாவும்

17. புயல், வெள்ள முகாம்களில் மறதிநோயாளிகளுக்குத் தனி மூலை வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2018 நவம்பர் கஜா புயலையும் கண்ட கரை இது. இடம் மாறினாலே கலங்கும் ஒருவரை, விளக்கில்லாத பள்ளிக்கூடத்தில் நூறு பேருக்கு நடுவே உட்கார வைத்தால், மழையிலேயே எழுந்து "வீட்டுக்கு"ப் புறப்பட்டுவிடுவார். கொம்யூனின் வெளியேற்றப் பட்டியலில் இவர்கள் முதலில் இருக்கட்டும். குடும்பத்தோடு சேர்த்து ஓர் அறை, ஒரு வார மாத்திரை, ஒரு காவலர் இருந்தால் போதும்.

18. காரைக்கால் மாங்கனித் திருவிழாவிலும் திருநள்ளாறு சனிப்பெயர்ச்சியிலும் முதியோர் உதவி மையம் வேண்டும். பிள்ளைகளுக்குக் கையில் தொலைபேசி எண் எழுதிக் கட்டும் பழக்கம் திருவிழாக் கூட்டத்தில் உண்டு. வெளியூரிலிருந்து வரும் மறதிநோயாளி முதியவர்களுக்கும் அந்த ஏற்பாட்டை விரிவாக்குங்கள். கூட்டம் கலைந்த பிறகு யாரும் தேடி வராமல் நிற்கும் முதியவரைக் கைவிடப்பட்டவராகக் கருதி 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண் வழியே உடனே பாதுகாக்க வேண்டும்.

ஊ. தடுப்பும் விழிப்பும்

19. தடுக்கக்கூடியதைத் தடுங்கள். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்சியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. கேளாமை, பார்வைக் குறைவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, மிகுந்த குடி, தனிமை ஆகியவை அவற்றுள் சில. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காது பரிசோதனையும் இலவசக் காதுக்கருவியும் தாருங்கள். கண்புரை அறுவைக்கு அழைத்துப் போகும் வண்டி ஏற்பாடு செய்யுங்கள். மலிவு மதுவுக்குப் பெயர் பெற்ற மாவட்டத்தில் மதுவால் மூளை கெடும் ஆண்களுக்குச் சிகிச்சை தாருங்கள். குடியிருப்பை ஒட்டிய மதுக்கடைகளை அகற்றுங்கள்.

20. ஊருக்குக் கற்றுக்கொடுங்கள். ஜப்பானில் 2005-இல் தொடங்கிய 90 நிமிடப் பயிற்சியில் கடைக்காரர், ஓட்டுநர், பள்ளி மாணவர் என ஒரு கோடிக்கும் அதிகமானோர் மறதிநோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று கற்றிருக்கிறார்கள். நெரவியில் ரேஷன் கடைப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், தனியார் பஸ் நடத்துநர், கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பொறுப்பாளர்கள், பிளஸ் டூ மாணவர்கள் எல்லோருக்கும் அத்தகைய ஒரு பயிற்சியைத் தமிழில் நடத்துங்கள்.

எங்கள் உறுதி

கேட்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவரைச் சங்கிலியிலோ இருட்டறையிலோ வைக்க மாட்டோம். நோயை மறைத்துக் கல்யாணம் காட்சிகளிலிருந்து அவரை ஒதுக்க மாட்டோம். அவர் கைநாட்டை எங்கள் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டோம். பரிகாரமும் நேர்த்திக்கடனும் செய்வோம். அதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட மாட்டோம். பராமரிப்பு மருமகளின் வேலை என்று விட்டுவிடாமல், பெற்ற மகன்களும் குளிப்பாட்டவும் ஊட்டவும் கண்விழிக்கவும் செய்வோம். பக்கத்து வீட்டு முதியவர் தெருவில் தடுமாறி நின்றால், கேள்வி கேட்டுக் குழப்பாமல், கையைப் பிடித்து வீட்டில் சேர்ப்போம்.

காலக்கெடு

எங்கள் வார்டுக்கு முறையிட ஓர் உறுப்பினர் இல்லை. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-இல் முடிந்தபின் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே அதிகாரிகளிடமே நேரடியாகப் பொறுப்பு கேட்கிறோம்.

30 நாட்களுக்குள்: நான்கு மாவட்டக் காவல் துறைகளின் கூட்டுத் தேடுதல் ஏற்பாடு, மருத்துவமனை வார்டில் துணைக்கு இருப்பவருக்கு அனுமதி, உயிர்ச் சான்றுக்கு வீட்டுச் சேவை.

6 மாதங்களுக்குள்: வீடு வீடான கணக்கெடுப்பு, வாராந்திர நினைவு மருத்துவப் பிரிவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து, செவிலியரின் வீட்டு வருகை, மாற்றுத்திறன் சான்று முகாம்.

ஓர் ஆண்டுக்குள்: பகல்நேர இல்லம், பராமரிப்பாளர் உதவித்தொகை, முன்கூட்டிய பொறுப்பாளர் நியமனத்துக்கான சட்டமன்றத் தீர்மானம்.

ஒவ்வோர் ஆண்டும் உலக அல்சைமர் நாளான செப்டம்பர் 21 அன்று, கொம்யூன் அலுவலகத்தில் பொதுக்கூட்டம் கூட்டி, இந்த இருபது கோரிக்கைகளில் எவை நிறைவேறின, எவை நிற்கின்றன என்று துறைவாரியாக அறிவிக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்து அதிகாரிகளும் வர வேண்டும்.

இந்தச் சாசனத்தைப் பெறும் ஒவ்வொரு அலுவலகமும் எதை ஏற்கிறது, எந்தத் தேதிக்குள் செய்யும், எதை ஏற்க இயலாது, ஏன் இயலாது என்று எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கோருகிறோம். பதில் வரும்வரை ஒவ்வொரு மாதமும் நேரில் வந்து கேட்போம்.

இப்படிக்கு,
நெரவி கொம்யூன் மறதிநோயாளிகளின் குடும்பத்தினர்